எரிபொருள் செலவு மின்கட்டணத்தில் ஏறுவது எப்படி? கேள்வி பதில்

மின்கட்டண மனுக்களோடும் எரிபொருள் கணக்குகளோடும் பல வருடம் மாரடித்தவன் என்பதால் இந்த முறை என்னைப் பதில் சொல்ல உட்கார வைத்திருக்கிறார்கள். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: கட்டணத்தை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வருடத்துக்கு ஒருமுறைதான் நிர்ணயிக்கிறது என்கிறார்கள். நடுவில் இந்த எரிபொருள் கூடுதல் கட்டணம் எங்கிருந்து முளைக்கிறது சார்?

கட்டண ஆணைக்குள்ளேயே எரிபொருளுக்கு ஒரு அடிப்படை விலை போட்டிருப்பார்கள். அந்த மதிப்பீட்டுக்கும் உண்மையில் ஆன செலவுக்கும் உள்ள வித்தியாசம்தான் கூடுதல் கட்டணம். சம்பளம், பராமரிப்பு, கடன் வட்டி இவற்றையெல்லாம் ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். நிலக்கரி, எரிவாயு விலையை அப்படிச் சொல்ல முடியாது, தொகையும் பெரிது.

1970-களின் எண்ணெய் நெருக்கடியில் அமெரிக்க ஆணையங்கள் இதில்தான் திணறின. ஒவ்வொரு விலையேற்றத்துக்கும் முழு விசாரணை நடத்தி ஆணை போடுவதற்குள் அடுத்த ஏற்றம் வந்து நின்றது. அதனால் தானாக ஏறி இறங்கும் சரிக்கட்டல் விதி அங்கே பரவலானது. கேள்வி கேட்பாரில்லாமல் அது ஓடிவிடக் கூடாது என்று 1978-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், அந்த விதிகளைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் மறுஆய்வு செய்ய வேண்டும் என்றது. இந்தியாவின் 2003 மின்சாரச் சட்டத்தில் 62(4)-ஆம் பிரிவும் இதே ஏற்பாடுதான்: ஒரு நிதியாண்டில் கட்டணத்தை ஒருமுறைக்கு மேல் மாற்றக் கூடாது, எரிபொருள் கூடுதல் கட்டணச் சூத்திரத்தின்படி வரும் மாற்றம் மட்டும் விதிவிலக்கு.

கேள்வி: எரிபொருளை விற்று மின் நிறுவனம் லாபம் பார்க்கிறதா?

நேரடியாக இல்லை. ஒழுங்குமுறைக் கணக்கில் லாபம் என்பது நிலையம், கம்பி, மின்மாற்றி என்று போட்ட முதலீட்டின் மீதுதான். எரிபொருள் வாங்கிய விலைக்கே கைமாற வேண்டும். கைமுதலாக முடங்கும் பணத்துக்கு மட்டும் வட்டி கிடைக்கும். ஆனால் சுரங்கமோ கப்பலோ இடைத்தரகு நிறுவனமோ அதே குழுமத்தின் கையில் இருந்தால் லாபம் அந்த வழியில் ஒளிந்துகொள்ளலாம். ஆணையங்கள் குழும நிறுவனங்களிடம் வாங்கும் ஒப்பந்தங்களைக் கூடுதலாகத் துருவுவது அதனால்தான்.

கேள்வி: ஒரு யூனிட்டுக்கு எரிபொருள் செலவு இவ்வளவு என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள் அண்ணா.

இதுதான் மொத்த விஷயத்தின் உயிர்நாடி, எண்களோடு சொல்கிறேன். ஒரு அனல் நிலையம் ஒரு யூனிட் உற்பத்தி செய்ய எவ்வளவு வெப்பம் செலவழிக்கலாம் என்பதற்கு ஆணையம் ஒரு அளவு வைத்திருக்கும். வெப்ப வீதம் என்பார்கள். யூனிட்டுக்கு 2,400 கிலோகலோரி என்று வைத்துக்கொள்வோம். நிலக்கரியின் வெப்ப மதிப்பு கிலோவுக்கு 3,600 என்றால் யூனிட்டுக்கு 0.67 கிலோ வேண்டும். நிலையத்தின் விசிறி, பம்பு, அரவை எல்லாம் உற்பத்தியில் 7 சதவீதத்தைத் தின்கிறது என்றால் வாசலைத் தாண்டும் யூனிட்டுக்கு அது 0.72 கிலோ. வழியில் 15 சதவீதம் இழப்பு என்றால் மீட்டருக்கு வரும் யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.84 கிலோ. இந்த எடையை நிலக்கரி விலையால் பெருக்குங்கள். விலை என்பதில் சரக்குக் கட்டணமும் வரிகளும் சேர்த்தி.

இந்தப் பெருக்கலில் விலையைப் பற்றித்தான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். என் அனுபவத்தில் எடைதான் கவனிக்க வேண்டியது. நிலையம் உண்மையில் 2,520 கிலோகலோரி எரித்தாலும் ஆணையம் 2,400-க்குத்தான் பணம் தரும், மீதி 5 சதவீதம் நிறுவனத்தின் தலையில். இந்த வரம்பு இல்லாவிட்டால் கொதிகலனை ஒழுங்காகப் பராமரிக்க யாருக்கும் அவசரம் இருக்காது.

இன்னொரு ஓட்டை வெப்ப மதிப்பில் இருக்கிறது. மேலே சொன்ன கரி 3,600-க்குப் பதில் 3,200 என்று பதிவானால் 0.67 கிலோ 0.75 ஆகிவிடும், எட்டில் ஒரு பங்கு கூடுதல். அதனால் எங்கே அளப்பது என்பதே பெரிய வழக்கு. சுரங்கத்தில் பில் போடும்போது ஒரு எண், வேகன் வந்து இறங்கும்போது ஒரு எண், அடுப்புக்குள் போகும்போது இன்னொரு எண். களத்தில் குவித்து வைத்த கரி காற்றுப் பட்டுக் கொஞ்சம் வெப்பம் இழக்கும், அது இயற்கை. ஆனால் கிடங்கில் நடக்கும் அலட்சியமும் திருட்டும் அதே கணக்கில் மறைந்துவிடும். இந்திய மத்திய ஆணையம் 2014 விதிகளில் 'நிலையத்துக்கு வந்துசேர்ந்த நிலை' என்ற அளவுக்கு மாறியதற்கு இந்தத் தகராறுதான் காரணம். எடுக்கும் மாதிரியைப் பொடித்துப் பங்கு பிரித்து, ஒரு பங்கை நடுவர் மாதிரி என்று முத்திரையிட்டு வைப்பார்கள். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் எண் ஒத்துப்போகவில்லை என்றால் அந்தப் பொட்டலத்தைத்தான் பிரிப்பார்கள்.

கேள்வி: விலை அதிகமான இடத்தில் அலட்சியமாக வாங்கிவிட்டு எங்கள் தலையில் கட்டினால்?

கட்ட முடியாது, முடியக் கூடாது. வாங்கிய முடிவு விவேகமானதா என்று ஆணையம் பார்க்கும். ஆனால் முடிவெடுத்த நாளில் கையில் என்ன தகவல் இருந்ததோ அதை வைத்துத்தான் எடைபோட வேண்டும். 'ஆறு மாதம் பொறுத்திருந்தால் விலை இறங்கியிருக்குமே' என்பது பின்புத்தி, அது செல்லாது.

விசாரணையை நம்பிக்கொண்டிருக்காமல் நிறுவனத்தின் பையிலேயே கைவைக்கும் வழியும் உண்டு. அமெரிக்காவின் மிசௌரியில் அடிப்படையிலிருந்து விலகும் தொகையில் 95 சதவீதம் நுகர்வோருக்கு, 5 சதவீதம் நிறுவனத்துக்கு. ஹவாயில் இது 98-க்கு 2, அதற்கும் உச்சவரம்பு உண்டு. 5 சதவீதம் என்ன பெரிய தொகை என்று தோன்றும். கொள்முதல் பிரிவு மேலதிகாரிகளைத் தூங்கவிடாமல் செய்ய அதுவே போதும். முழுத்தொகையையும் கேள்வியில்லாமல் கடத்திவிடும் முறை எனக்குப் பிடிப்பதில்லை.

கேள்வி: நிலக்கரி விலை இறங்கிவிட்டது என்று செய்தி வருகிறது. பில் மட்டும் இறங்கவில்லையே மேடம்?

மேடம் இல்லை, சார். பரவாயில்லை. செய்தியில் வருவது இன்றைய சந்தை விலை. நிலையம் எரிப்பது களத்தில் கிடக்கும் பழைய சரக்கு, அது சராசரி விலையில் கணக்காகும். ஒப்பந்தக் கரி என்றால் சந்தை விலையோடு சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். அப்புறம் வசூலிலும் தாமதம் உண்டு. இந்தியாவில் 2022 டிசம்பரில் வந்த திருத்த விதிகளில் உள்ள சூத்திரப்படி ஏப்ரல் மாதச் செலவு ஜூன் பில்லில் வரும். காலக்கெடுவுக்குள் கணக்கிட்டு வசூலிக்காத பகிர்மான நிறுவனம் அந்தத் தொகைக்கான உரிமையையே இழக்கும் என்றும் அந்த விதி சொல்கிறது. நல்ல விதி.

விலை அடிப்படைக்குக் கீழே போனால் கூடுதல் கட்டணம் தள்ளுபடியாக மாற வேண்டும். பழைய பாக்கி இருந்தால் முதலில் அதை அடைப்பார்கள். அதனால்தான் இறக்கம் கண்ணில் படுவதில்லை.

கேள்வி: விலை ஏறும்போது மக்கள் பாவம் என்று ஆணையம் கட்டணத்தை நிறுத்தி வைத்தால் நல்லதுதானே?

அந்த மாதத்துக்கு நல்லது. தொகை எங்கும் போகாது, வட்டியோடு புத்தகத்தில் உட்கார்ந்திருக்கும். தேர்தல் நேரத்தில் தள்ளிவைத்த பாக்கியை அடுத்து வருபவர்கள் கட்டுவார்கள். இடையில் வீடு மாறிப் போனவர் தப்பித்துக்கொள்வார், புதிதாக இணைப்பு வாங்கியவர் மாட்டிக்கொள்வார்.

தள்ளிவைப்பதே தப்பு என்று சொல்லவில்லை. 2021 பிப்ரவரி குளிர்ப்புயலில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் எரிவாயு விலை சில நாட்களுக்குள் பல மடங்கு எகிறியது. அதை ஒரே பில்லில் போட்டிருந்தால் குடும்பங்கள் முறிந்திருக்கும். ஓக்லஹோமாவில் அந்தச் செலவைக் கடன் பத்திரங்களாக்கி இருபது வருடத்துக்கும் மேல் நீட்டிவிட்டார்கள். சில நாள் குளிருக்கு இவ்வளவு நீளத் தவணை! சாதாரண ஏற்ற இறக்கத்துக்கு இந்த மருந்து வேண்டாம். புளோரிடா மாதிரி, வருட மதிப்பீட்டிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகுவது தெரிந்ததும் ஆணையத்திடம் தெரிவித்து, தேவைப்பட்டால் வருட நடுவிலேயே திருத்துவது மேல்.

கேள்வி: சூரிய மின்சாரத்துக்கு எரிபொருளே கிடையாது. அதிலும் கூடுதல் கட்டணமா?

கம்பியில் வரும் மின்சாரம் கலவை. மொத்தக் கலவையின் எரிபொருள் செலவை மொத்த யூனிட்டால் வகுத்துப் போடுகிறார்கள். கலவையில் சூரியமும் காற்றும் கூடினால் எல்லோருக்கும் இந்தத் தொகை குறையும்.

கேள்வி: இறக்குமதி செய்யும் நாட்டில் சட்டம் மாறி விலை ஏறினால் யார் பொறுப்பு?

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். 2010-இல் இந்தோனேசியா, நிலக்கரியை அரசு அறிவிக்கும் அளவுகோல் விலைக்குக் குறைத்து ஏற்றுமதி செய்யக் கூடாது என்று விதி போட்டது. அதற்கு முன்பே ஏலத்தில் குறைந்த கட்டணம் குறிப்பிட்டு வென்றிருந்த இந்திய நிறுவனங்கள் இழப்பீடு கேட்டன. 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது: விலையேற்றம் தவிர்க்க முடியாத பேரிடர் இல்லை, ஒப்பந்தம் சொல்லும் 'சட்ட மாற்றம்' என்பதில் வெளிநாட்டுச் சட்டம் அடங்காது. உள்நாட்டுக் கரி ஒதுக்கீட்டுக் கொள்கை மாறியதால் வந்த நஷ்டத்தை மட்டும் சட்ட மாற்றமாக ஏற்றது. ஏலத்தில் குறைத்துக் கேட்பவர் அந்தத் துணிச்சலின் விலையையும் சுமக்க வேண்டும் என்பது சரியென்றே எனக்குப் படுகிறது.

கேள்வி: அடுத்த மாதம் பொது விசாரணைக்குப் போகிறோம். எதைக் கேட்பது?

'கட்டணத்தை ஏற்றாதீர்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள், அதைக் குறித்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். நிலையம் நிலையமாக வெப்ப வீதம் கேளுங்கள், அனுமதித்த அளவும் நடப்பும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். நிலக்கரியின் வெப்ப மதிப்பை பில்லில், வந்திறங்கியபோது, எரித்தபோது என்று மூன்று எண்ணாகக் கேளுங்கள். மலிவான நிலையம் சும்மா இருந்த நாட்களில் விலையான நிலையம் ஓடியதா, ஏன் என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வர வேண்டும், ஆணையில் பதிவாக வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக்குப் போனால் கையில் இருக்க வேண்டியது அந்தக் காகிதம்தான்.