கோழிக்குஞ்சுகளைப் பாம்பிடமிருந்து காப்பது

இரண்டே இரவில் மூன்று குஞ்சுகள் காணவில்லை, இறகோ ரத்தமோ சிந்தவில்லை, கூண்டின் கம்பிவலையும் கிழியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே மனம் கனக்கிறது. பெரும்பாலும் இது பாம்பின் வேலைதான். அது முழுதாக விழுங்கிவிடும். செத்துக்கிடக்கும் குஞ்சின் தலையும் கழுத்தும் மட்டும் எச்சிலில் நனைந்து ஒட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம், விழுங்கப் பார்த்து முடியாமல் விட்டுப் போயிருக்கிறது.

உங்கள் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைக்கும், பாம்பை வெளியே நிறுத்தாது. அதற்குப் பதிலாகக் கால் அங்குலச் சதுரக் கண் கொண்ட இரும்பு வலையைப் போடுங்கள். அரை அங்குலத்தில்கூட மெல்லிய பாம்பு நுழைந்துவிடும். வலையின் அடிப்பகுதியை மண்ணில் ஓரடி ஆழத்துக்குப் புதைத்துவிடுங்கள். இன்று மாலையே கூண்டுக்குள் விளக்கை ஏற்றி, இருட்டில் வெளியே நின்று பாருங்கள்: வெளிச்சம் கசியும் ஒவ்வொரு இடுக்கும் வழிதான். கதவின் கீழ்ப்பக்கத்தை மறக்காதீர்கள்.

சிந்திய தீவனத்துக்கு எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். ஆகவே தீவனம் மூடிய டின்னில் இருக்கட்டும். அந்துருண்டை போடச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம், பாம்பு அதற்கு அஞ்சாது, குஞ்சுகளுக்குத்தான் அது நஞ்சு. நைலான் வலையும் கட்டாதீர்கள், பாம்பு சிக்கித் துடிக்கும், பிறகு விடுவிக்கப் போகும் உங்களுக்கே ஆபத்து.