எல்டோரெட்டுக்கு வரும் தங்கச்சிக்கு: டிரஸ்ட் வேண்டாம், முதலில் போய் உட்காருங்கள்

தங்கச்சி, கணவருக்குக் கென்யாவில் எல்டோரெட்டில் டெக்ஸ்டைல் மில் வேலை, ஜனவரியில் நீங்களும் வருகிறீர்கள், பொள்ளாச்சிப் பக்கம் எட்டு வருஷம் பி.டி. (விளையாட்டு) டீச்சராக இருந்துவிட்டு இங்கே சும்மா உட்கார மனசு வரவில்லை, சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிலும் விளையாட்டிலும் ஏதாவது செய்ய முடியுமா, அதற்கு டிரஸ்ட் ஆரம்பிக்க வேண்டுமா, ஊரிலிருந்து பந்தும் பேட்டும் எத்தனை கிலோ கொண்டுவரலாம் என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் செய்யலாம். டிரஸ்ட் வேண்டாம், பள்ளிக்குப் பின்னால் ஏற்கெனவே இருப்பவர்களோடு சேர்ந்துகொண்டாலே போதும். கிலோ கணக்கைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் குன்னூர்க்காரன். இங்கே கென்யாவிலேயே இருக்கிற நந்தி ஹில்ஸ் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் 14 வருஷமாக மெஷின் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். எல்டோரெட்டுக்கு மாதம் ஒரு முறையாவது வருவேன், அரிசி பருப்பு வாங்க. அதனால் நான் சொல்வது எல்லாம் இந்த மலைப் பக்கத்துக் கதை. கென்யாவில் கடற்கரைப் பக்கமோ வடக்கே வறண்ட பக்கமோ போனால் வேறு மாதிரி இருக்கும்.

முதலில் சட்டம். நீங்கள் வருவது டிபெண்டன்ட் பாஸில், அதாவது கணவரைச் சார்ந்து இங்கே தங்குவதற்கான அனுமதியில். அதில் வேலை செய்ய அனுமதி கிடையாது. வகுப்பறையில் நின்று பாடம் எடுக்க வேண்டுமென்றால் டீச்சர்ஸ் சர்வீஸ் கமிஷனில் பதிவு வேண்டும், ஊரில் எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் சரி. சம்பளம் வாங்காமல் உதவுவதாக இருந்தாலும் உங்கள் கணவரின் கம்பெனியில் இமிக்ரேஷன் வேலை பார்ப்பவரிடம் கேட்டு, என்ன செய்யலாம் என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லி உங்களைத் தயங்க வைக்க வேண்டும் என்று இல்லை. ஆனால் டீச்சருக்குப் பதிலாகப் போய் நிற்பது வேறு, டீச்சருக்குப் பக்கத்தில் நிற்பது வேறு. இரண்டாவதுதான் இங்கே உண்மையில் தேவை.

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். வந்த இரண்டாவது வருஷம், இங்கே இருந்த நாங்கள் நான்கு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து காசு போட்டு, பக்கத்து ஆரம்பப் பள்ளிக்கு கிரிக்கெட் பேட், ஸ்டம்ப், பந்து, கால்பந்து, வாலிபால் நெட் எல்லாம் வாங்கிக் கொடுத்தோம். பாட்டுப் பாடினார்கள், படம் எடுத்தோம், மனசு நிறைந்து வந்தோம். ஒரு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் அத்தனையும் ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடக்கிறது. நெட்டைப் பிரிக்கக்கூட இல்லை. எனக்குக் கோபம் வந்தது, ஹெட்மாஸ்டரிடம் கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவர் நிதானமாக ஸ்டாக் ரிஜிஸ்டரை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு பொருளும் அவர் பெயரில் ஏறியிருக்கிறது, தொலைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். விளையாட்டைப் பார்த்துக்கொண்ட ஆசிரியர் டிரான்ஸ்ஃபரில் போய்விட்டார். கிரிக்கெட் சொல்லிக்கொடுக்க அந்த வட்டாரத்திலேயே ஆள் இல்லை. மைதானமோ சரிவு, மழைக்காலத்தில் கீழ்ப்பாதி சேறு. இத்தனையும் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவரைக் கடிந்து பேசியது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

இங்கே ஒரு அரசுப் பள்ளி என்றால் அதற்குப் பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். போர்டு ஆஃப் மேனேஜ்மென்ட் ஒன்று இருக்கும், பெற்றோர் சங்கம் இருக்கும், பெரும்பாலும் ‘ஸ்பான்சர்’ என்று ஒரு சர்ச் இருக்கும். ஸ்பான்சர் என்றால் காசு தருபவர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பள்ளியைத் தொடங்கிய அல்லது நிலம் கொடுத்த சபை அது, 2013ஆம் வருஷக் கல்விச் சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. வகுப்பறை கட்டுவது தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து வரும், அதை சி.டி.எஃப். என்பார்கள். அப்புறம் ஊர்ச் சீஃப் கூட்டும் பராசா, அதாவது ஊர்க்கூட்டம். இவர்கள் எல்லாரும் தலையசைக்காமல் வெளியிலிருந்து வந்து நட்ட எதுவும் வேர் பிடித்து நான் பார்த்ததில்லை. இவர்கள் தலையசைத்துவிட்டால், நீங்கள் ஊருக்குத் திரும்பிப் போன பிறகும் நடக்கும்.

அதே பள்ளியின் மைதானத்தையே சொல்கிறேன். 2016இல் நாங்கள் ஜே.சி.பி. வாடகைக்கு எடுத்துச் சமன்படுத்தித் தருகிறோம் என்று போய் நின்றோம். போர்டில் உடனே சரி சொல்லவில்லை, பராசா கூட்டிப் பேசலாம் என்றார்கள். ஐந்து மாதம் ஆயிற்று. எனக்குப் பொறுமை போய்விட்டது, உண்மை. ஆனால் அந்த ஐந்து மாதத்தில் என்ன நடந்தது என்றால், சர்ச் தன் எல்லையிலிருந்து ஒரு துண்டு நிலத்தை விட்டுக்கொடுத்தது, வீட்டுக்கு ஒருவர் சனிக்கிழமை ஜெம்பேயோடு வர வேண்டும், வர முடியாதவர்கள் 200 ஷில்லிங் தர வேண்டும் என்று முடிவாயிற்று, எங்கள் ஃபேக்டரி முரம் என்கிற சரளை மண் இரண்டு லோடு தந்தது, நாங்கள் டிராக்டர் டீசலும் மழைநீர் போகிற குழாயும் ஏற்றுக்கொண்டோம். இங்கே இதற்கு ஹராம்பே என்று பெயர், எல்லாரும் சேர்ந்து இழுப்பது. ஜெம்பே என்றால் நம் மண்வெட்டிக்கு அண்ணன் தம்பி. முதல் சனிக்கிழமை எத்தனை பேர் வந்தார்கள் என்று நான் எண்ணவில்லை, வேலி நெடுக ஜெம்பே சாய்த்து வைத்திருந்தது மட்டும் கண்ணிலேயே நிற்கிறது.

ஓடுபாதைக்குக் கோடு போடச் சுண்ணாம்பு வாங்க யாரும் காசு கேட்கவில்லை. எங்கள் பாய்லரில் யூகலிப்டஸ் விறகு எரிகிறது, சாம்பல் மலை மாதிரி குவியும். அதை மூட்டையில் கட்டிக் கொண்டுபோனார்கள். ஊரே ‘கோகோ’ என்று கூப்பிடும் ஒரு பாட்டி, இந்தப் பக்கத்து மக்கள் பேசும் கலெஞ்சின் மொழியில் கோகோ என்றாலே பாட்டிதான், சமையல் கொழுப்பு வருகிற கிம்போ டின் காலியானதை எடுத்து, அதன் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, அதில் சாம்பலை நிரப்பி, கயிற்றை ஒட்டியே குனிந்து தட்டிக்கொண்டு போனார். நம் ஊர் கோலமாவுக் குழல் போலவே கோடு இறங்கியது. மழை பெய்தால் கரைந்துவிடும், மறுபடி போடுவார்கள். இன்றைக்கும் போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் டின்னும் சாம்பலுமாக வந்துவிடுகிறார்கள். போன வருஷம் கேட் உடைந்தபோது பெற்றோர்களே வெல்டிங் வைத்துவிட்டார்கள், எனக்குச் செய்தியே மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட நிம்மதி பெரியது.

இன்னொன்று, பந்து வாங்கிக் கொடுக்க ஆள் கிடைக்கும், வண்டிக்கூலி கொடுக்கத்தான் ஆள் கிடைக்காது. பள்ளிப் போட்டிகள் ஜோன், சப்-கவுன்ட்டி, கவுன்ட்டி, ரீஜன் என்று ஏறிக்கொண்டே போகும். ஜோனில் ஜெயித்த பெண் பிள்ளைகள் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூலி இல்லாமல் வீட்டில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் கொழுந்து லாரியில் ஏற்றிவிடலாம் என்றுதான் முதலில் யோசித்தோம், சரக்கு வண்டியில் பிள்ளைகளை ஏற்றினால் இன்சூரன்ஸ் கிடையாது, விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்று போர்டில் ஓர் அம்மா கேட்டார். சரியான கேள்வி. அதன் பிறகு 14 பேர் உட்காரும் மட்டாட்டு வேன், பாதிக் கூலி பெற்றோர், பாதி நாங்கள் என்று வழக்கமாகிவிட்டது. உங்களால் மாதம் கொஞ்சம் முடியும் என்றால் இதில் போடுங்கள்.

படிப்பு விஷயம். 2003இல் ஆரம்பப் பள்ளிக்குக் கட்டணத்தை அரசு எடுத்துவிட்டது. அதற்கு அடுத்த வருஷம் எல்டோரெட்டில் கப்கெண்டுய்வோ ஆரம்பப் பள்ளியில் 84 வயசு கிமானி மருகே ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தார், உலகச் சாதனை. அந்தப் பள்ளி உங்கள் ஊரிலேயே இருக்கப் போகிறது என்பதால் சொன்னேன். ஆனால் கட்டணம் இல்லை என்றால் செலவே இல்லை என்று அர்த்தமில்லை. மதியச் சாப்பாட்டுக்குச் சோளமும் பீன்ஸும் வீட்டிலிருந்து வர வேண்டும், சமைக்கிற அம்மாவுக்குச் சம்பளம் வேண்டும், ஆசிரியர் பற்றாக்குறைக்குப் போர்டே வைத்துக்கொள்ளும் ஆசிரியருக்கும் பெற்றோர்தான் போட வேண்டும். 2023இலிருந்து ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்பு ஜூனியர் ஸ்கூல் என்று ஆரம்பப் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வந்துவிட்டது; வகுப்பறை நெருக்கடி கூடிவிட்டது, சில இடங்களில் மைதானத்தில்தான் கை வைக்கப் பார்க்கிறார்கள். கிதேரி, அதாவது சோளமும் பீன்ஸும் வேகவைத்தது, மதியம் கிடைக்கிற பள்ளியில் பிள்ளைகள் சாயங்காலம் வரை இருந்து ஓடுகிறார்கள். கிடைக்காத இடத்தில் மதியமே வீட்டுக்கு. பி.டி. டீச்சருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் உங்களால் முடிவது என்னால் முடியாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிடும். அரசு பள்ளி மாணவிகளுக்கு இலவச நாப்கின் தர வேண்டும் என்று 2017இல் சட்டமே வந்தது. நான் பார்த்த பள்ளியில் வருவதும் உண்டு, வராமல் போவதும் உண்டு. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள், ஷார்ட்ஸ் போடத் தயங்குகிற பிள்ளைக்கு என்ன வழி என்று அங்கே இருக்கிற ஆசிரியையோடும் அம்மாக்களோடும் உட்கார்ந்து பேசுங்கள். கடற்கரைப் பக்கம் கிலிஃபியில் ‘மூவிங் தி கோல்போஸ்ட்ஸ்’ என்று பெண் பிள்ளைகளுக்கான கால்பந்து அமைப்பு இருக்கிறது, அங்கே அந்தப் பெண்களே நடுவராகவும் பயிற்சியாளராகவும் வளர்கிறார்கள். அதைப் படித்துவிட்டு வாருங்கள்.

இந்த வட்டாரத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒவ்வொரு பிள்ளையையும் ஒலிம்பிக் வீரராகவே பார்க்கிறார்கள். பெருமைதான், மறுக்கவில்லை. நந்தி மண்ணில் பிறந்த கிப் கெய்னோ 1968 மெக்சிகோவில் 1500 மீட்டரிலும் 1972 மியூனிக்கில் தடை தாண்டி ஓடுகிற ஸ்டீபிள்சேஸிலும் தங்கம் வாங்கினார். ஆனால் எல்டோரெட்டில் அவரைப் பற்றி அதிகம் பேசுவது அவரும் மனைவி ஃபில்லிஸும் ஆதரவில்லாத பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வளர்த்ததையும் பள்ளி தொடங்கியதையும்தான். 2016 ரியோவில் ஒலிம்பிக் லாரல் விருதை முதன்முதலாக அவருக்குத்தான் கொடுத்தார்கள். எல்டோரெட்டுக்குப் பக்கத்து ஊரான இட்டெனில் செயின்ட் பாட்ரிக்ஸ் பள்ளிக்கு 1976இல் அயர்லாந்திலிருந்து பூகோளம் சொல்லிக்கொடுக்க வந்தவர் பிரதர் கோல்ம் ஓ’கானல், தடகளப் பயிற்சியே எடுக்காதவர். வந்து, பார்த்து, பிள்ளைகளிடமே கற்றுக்கொண்டு, அங்கேயே தங்கிவிட்டார். 800 மீட்டரில் உலகச் சாதனை வைத்த டேவிட் ருடிஷா அவர் கையில் வளர்ந்தவர். 2004இல் மியூனிக் பதக்க வீரர் மைக் பாய்ட்டும் ஜான் மேனர்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரும் கென்சாப் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். நன்றாகப் படிக்கிற ஏழைப் பிள்ளைகளை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்ப. தேர்வுக்கு வருகிற பிள்ளைகளை 1500 மீட்டரும் ஓடச் சொல்வார்கள், ஆனால் போனவர்களில் பெரும்பாலானோர் போனது மார்க்கை வைத்துத்தான். ஓடத் தெரியாத பிள்ளையும் உங்கள் மைதானத்தில் நிற்கும், அதற்கும் உங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட ஆசை இருக்கும். அந்தப் பிள்ளையை விட்டுவிடாதீர்கள்.

சின்ன விஷயங்கள் சில. எம்-பெசாவில், அதாவது மொபைல் போன் வழியாக, காசு அனுப்புவது ரொம்பச் சுலபம், அதனாலேயே யாருடைய சொந்த நம்பருக்கும் அனுப்பாதீர்கள். பள்ளிக் கணக்குக்கு, ரசீதோடு, போர்டுக்குத் தெரிந்து. பிள்ளைகள் படத்தைப் பெயரோடு ஃபேஸ்புக்கில் போடாதீர்கள், பெற்றோரைக் கேட்காமல் படமே வேண்டாம். தனியாக எந்தப் பிள்ளையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். ஒரு பள்ளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஐந்து பள்ளி என்று பரப்பினால் எந்த ஊரிலும் உங்கள் முகம் பதியாது. பெற்றோரிடம் காசு கேட்கிற பேச்சை ஜனவரியில் எடுக்கவே எடுக்காதீர்கள், பெரிய பிள்ளைகளின் ஹைஸ்கூல் கட்டணத்துக்கு ஆளாய்ப் பறக்கிற நேரம். தேயிலை வைத்திருக்கிறவர்களுக்கு போனஸ் வருவது அக்டோபர் வாக்கில், அப்போதுதான் எதையும் பேச முடியும். எல்டோரெட் பக்கம் சோள அறுவடையும் அப்போதுதான்.

வந்த முதல் இரண்டு வாரம் நீங்கள் ஓடிக் காட்டாதீர்கள். எல்டோரெட் சுமார் 2,100 மீட்டர் உயரம், ஏறத்தாழ நம் ஊட்டி. பொள்ளாச்சியிலிருந்து வந்தால் மூச்சு வாங்கும். அந்த இரண்டு வாரத்தில் ஒரு பள்ளியின் ஹெட்மாஸ்டரைப் பார்த்து, சாயங்கால விளையாட்டு நேரத்தில் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். யாரும் எதுவும் கேட்காவிட்டாலும் மறுநாளும் போய் உட்காருங்கள். ‘சாம்கே’ என்றால் வணக்கம், ‘கோங்கோய்’ என்றால் நன்றி. உங்களை முஹிந்தி என்பார்கள், இந்தியர் என்று அர்த்தம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குக் கூப்பிட்டு சுரைக்குடுக்கையில் புளிக்க வைத்த முர்சிக் பால் கொடுத்தால் ஒரு வாயாவது குடியுங்கள். கரி வாசம் அடிக்கும், பழகிவிடும்.

இப்போது கிலோ கணக்கு. பந்து, பேட் எதுவும் வேண்டாம். கல்லும் முரமும் கலந்த தரையில் ஊர்த் தோல் பந்து நிற்காது, அதற்கேற்ற ரப்பர் பந்து எல்டோரெட் கடைகளிலேயே கிடைக்கிறது, பள்ளி கேட்கும்போது அங்கேயே வாங்கலாம், கடைக்காரருக்கும் பிழைப்பு. நீங்கள் பழகிய உங்கள் விசிலையும் ஸ்டாப் வாட்சையும் மட்டும் எடுத்துவாருங்கள். மீதி எடைக்குச் சாம்பார்ப் பொடியும் நல்ல பெருங்காயமும் போடுங்கள். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நந்தி ஹில்ஸ் பக்கம் வந்தீர்கள் என்றால், அந்தச் சாம்பல் கோடுகளையும் கோகோவையும் காட்டுகிறேன்.