பட்டியில் அடைத்த ஆடுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

எனக்கு ஊர் பல்லடம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 25. ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளிக் கணினி விளையாட்டை விளையாடுவதைப் பற்றி ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் அதற்குள் போனேன். ஏழு மாதம் ஆகிறது. பாதுகாப்பான பகுதியிலேயே வெஞ்சர் என்ற சுரங்கக் கப்பலை வைத்து விண்கல் உடைத்துச் சம்பாதித்தேன். சேர்த்ததை எல்லாம் போட்டு ஒரு ரேவன் போர்க்கப்பல் வாங்கினேன். இரண்டு மாதம் அதை நிலையத்தை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. போன மாதம் தைரியம் வந்து, பாதுகாப்புக் குறைந்த பகுதிக்குக் கொண்டுபோனேன். ஃப்ரிகேட் என்கிற ஒரு பொடிக் கப்பல் வந்து ஒட்டிக்கொண்டது. என் ஏவுகணை அதை ஒன்றும் செய்யவில்லை. தூரத்துக்குத் தாவித் தப்பிக்கும் வார்ப் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தேன், கப்பல் கிளம்பவே இல்லை. அரை நிமிடத்தில் இன்னும் நாலு பேர் வந்தார்கள். முடிந்தது. அதற்குமேல் 'ஜிஎஃப்' என்று கிண்டல் வேறு. நானும் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டேன்.

ஆனாலும் மனிதர்களோடு சண்டை போடக் கற்றுக்கொள்ளும் ஆசை போகவில்லை. எந்தக் கப்பலில் ஆரம்பிக்கட்டும்? எந்த நாட்டுக் கப்பல் நல்லது? ஒருத்தன் மாதக்கணக்கில் சேர்த்ததை உடைப்பது பாவம் இல்லையா? சண்டை என்றாலே கை நடுங்குகிறது, மவுஸ் நிற்க மாட்டேன் என்கிறது. அதற்கு என்ன செய்ய? ராத்திரி ஒரு மணிக்கு அப்பா எழுந்து வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போகிறார், அது வேறு.

ம.

அன்புள்ள ம.,

உன் கடிதம் வந்த அன்று அம்மாவின் பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தேன். அம்மா போய் ஆறு மாதம் ஆகிறது. அடித்தட்டில் பழைய வேட்டித் துணியில் சுற்றி, அந்துருண்டை போட்டு, கல்யாணப் பட்டு இருந்தது. அம்மா அதைக் கட்டி நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். "நல்ல நாளுக்கு ஆகும்" என்பார். கையில் எடுத்து உதறினேன். மடிப்பு மடிப்பாக விட்டுப்போயிருந்தது. ஜரிகை ஓடிய இடமெல்லாம் இற்று, பட்டை பட்டையாகத் தொங்கியது. உடுத்திக் கிழிந்திருந்தால் எனக்கு அவ்வளவு அழுகை வந்திருக்காது.

சாயங்காலம் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். ரேவன் இரண்டு மாதம் நிலையத்திலேயே நின்றது என்ற வரிக்கு மேலே போக முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதில்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். ரிஃப்டர், மெர்லின், பனிஷர், இன்கர்சஸ் என்று விளையாட்டில் உள்ள நாலு நாட்டுக்கும் மலிவான ஃப்ரிகேட் உண்டு. எது எடுத்தாலும் சரி, நான் ரிஃப்டர்காரி. பாவமா என்று கேட்டாய். இல்லை. ஐஸ்லாந்துக்காரர்கள் 2003இல் இதை ஆரம்பித்த நாளிலிருந்து, நிலையத்தை விட்டு வெளியே வந்தவனை யாரும் சுடலாம் என்பதுதான் ஆட்டம். நீ இருந்த பாதுகாப்பான பகுதியில்கூட கான்கார்ட் போலீஸ் வருவது சுட்டவனை அழிக்கத்தான், சுடப்பட்டவனைக் காப்பாற்ற அல்ல. அப்பா விஷயத்தில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு மணிக்கு எழுந்து வந்து எட்டிப் பார்க்கிற மனிதரிடம் நீதான் போய்ப் பேச வேண்டும்.

திட்டினாய் பார், அதைச் சும்மா விட மாட்டேன். ஜிஎஃப் என்றால் 'நல்ல சண்டை'. தோற்றவனும் எழுதுவான், ஜெயித்தவனும் எழுதுவான், ஆட்டம் முடிந்து கை கொடுப்பது மாதிரி. அந்த ஆள் உனக்குக் கை நீட்டியிருக்கிறார், நீ துப்பியிருக்கிறாய். இன்றைக்கே அவருக்குக் கடிதம் போட்டு மன்னிப்புக் கேள். கேட்டுவிட்டு, நான் எங்கே தப்பு செய்தேன் என்றும் கேள். இந்த விளையாட்டில் கேட்டால் சொல்வார்கள். முதல் வருஷம் நான் கற்றுக்கொண்டதில் பாதி, என்னை உடைத்தவர்கள் எழுதி அனுப்பியது. "உன் கப்பலில் கவசமும் மாட்டியிருக்கிறாய், கேடயத்துக்கும் மாட்டியிருக்கிறாய், ஏதாவது ஒன்றைப் பலப்படுத்து" என்று ஒருவர் எழுதினார். அடுத்த மாதமும் அவரே என்னை உடைத்தார். உடைத்துவிட்டு, "இந்தத் தடவை பரவாயில்லை" என்று எழுதினார்.

இப்போது அந்தப் பொடி ஃப்ரிகேட்டுக்கு வருகிறேன்.

காங்கயத்துக்குத் தெற்கே அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சியின் ஊர். பள்ளிக்கூட லீவு விட்டால் அங்கேதான். கோயில் மண்டபத்துக் கல்லில் ஆடுபுலி ஆட்டக் கட்டம் வெட்டியிருக்கும். யார் வெட்டியது என்று அப்புச்சிக்கே தெரியாது. மூன்று செங்கல் சில்லு புலி, 15 புளியங்கொட்டை ஆடு. மத்தியானம் வெயில் தாழும்வரை அதுதான். அப்புச்சி எப்போதும் புலியை எடுத்துக்கொண்டு ஆட்டை என்னிடம் தள்ளிவிடுவார். அழுதாலும் தர மாட்டார்.

ஆடு வைக்கிறவன் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். 15ஐயும் வைத்து முடிக்கிறவரை ஒன்றையும் நகர்த்த முடியாது. பின்னால் காலி இடம் இருந்தால் புலி தாண்டி அடித்துவிடும். நான் என்ன செய்வேன் என்றால், புலி இல்லாத மூலையாகப் பார்த்து எல்லா ஆட்டையும் ஒன்றோடு ஒன்று ஒட்டி வைப்பேன். ஒன்றும் போகாது. பெருமையாக இருக்கும். அப்புறம் நகர்த்த ஆரம்பித்ததும் மூலையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வர, அப்புச்சி உட்கார்ந்த இடத்திலிருந்தே தின்பார். எங்கள் ஊர்க் கணக்கில் 5 ஆடு போனால் தோல்வி. கொட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு சொல்வார்: "ஏங்கண்ணு, அத்தன ஆட்டயும் பட்டிக்குள்ளயே அடச்சு வெச்சா புலிய எவன் கட்டறது?"

அவரிடம் நிஜமாகவே நாற்பது செம்மறி இருந்தது. ஒரு குட்டியை நாய் கடித்துப்போட்டால் அன்றைக்குச் சோற்றில் கை வைக்க மாட்டார். பட்டிப் படலைத் தினம் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். அந்த மனிதர்தான் கல்லில் உட்கார்ந்தால் ஆட்டைக் கொடு, கொடு என்பார். எனக்கு அப்போது அது புரியவே இல்லை.

பதினோரு வயதில் ஒரு நாள் அவராகவே புலியை என் பக்கம் தள்ளினார். நாலு ஆடு தின்றேன். ஐந்தாவதும் தனியாக நிற்கிறது, கண்ணுக்கு எதிரே. தாண்டக் கையை நீட்டினால் அதற்குப் பின்னால் ஒரு ஆடு. சரி, அடுத்த புலியை நகர்த்தலாம் என்றால் நாலு பக்கமும் ஆடு. மூன்றாவதும் அப்படியே. நான் தின்ற நாலும், ஒவ்வொன்றும் என் புலியை ஒரு கட்டம் உள்ளே இழுத்துவிட்டுப் போயிருக்கிறது. "கட்டியாச்சு" என்றார்.

கண்ணு, உன் ரேவன் அந்தப் புலி.

அந்த ஃப்ரிகேட் உன்னை அடிக்க வரவில்லை, கட்ட வந்தது. அதில் வார்ப் ஸ்க்ராம்ப்ளர் இருந்திருக்கும். ஏழெட்டு கிலோமீட்டருக்குள் வந்து அதைப் போட்டுவிட்டால் எதிரியால் வார்ப் ஆக முடியாது, அவனுக்கு வேகம் கூட்டும் மைக்ரோவார்ப் டிரைவும் அணைந்துவிடும். டிஸ்ரப்டர் என்று இன்னொன்று, 20 கிலோமீட்டர் தள்ளி நின்றே பிடிக்கும், ஆனால் டிரைவை அணைக்காது. கூடவே வேகத்தைக் குறைக்கும் வெப் ஒன்றைப் போட்டால் கப்பல் சேற்றில் இறங்கிய வண்டி மாதிரி நின்றுவிடும். உன் பெரிய ஏவுகணையின் வெடிப்பு பெரிய உடம்புக்காகச் செய்தது. சின்ன உடம்பு வேகமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் அதில் துளிதான் மேலே படும். பெரிய பீரங்கிகளுக்கும் இதே பாடு, இவ்வளவு கிட்டத்தில் சுற்றுவதை அவற்றால் திரும்பிப் பிடிக்க முடியாது. ரேவனுக்குள் சின்ன ட்ரோன் வைக்க இடம் உண்டே, ஃப்ரிகேட்டை விரட்ட அதுதான் இருக்கிறது. வெளியே விட்டாயா? விட்டிருக்க மாட்டாய். வாங்கியே இருக்க மாட்டாய்.

யூடியூபில் பி-ஆர்5ஆர்பி என்ற நட்சத்திர மண்டலத்தில் நடந்த பெரிய சண்டையைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் பெரிய கப்பல் கனவோடு வருகிறீர்கள். 2014 ஜனவரியில் நடந்தது, 21 மணி நேரம், விளையாட்டிலேயே மிகப் பெரிய கப்பல்களான டைட்டன்கள் 75 போயின. அந்த மண்டலத்துக்குக் கட்ட வேண்டிய தொகை கட்டப்படாமல் போனதில் ஆரம்பித்த சண்டை அது. அந்த டைட்டன்களையும் சின்னக் கப்பல்கள் வார்ப்பைத் தடுக்கும் குமிழி விரித்துத்தான் போகவிடாமல் நிறுத்தின. வீடியோவில் அது கண்ணில் படாது.

என் முதல் பிடி 2010இல். கோவையில் வாடகை வீடு, நைட் ஷிப்ட் இல்லாத ஒரு ராத்திரி. காதில் ஒரு போலந்துக்காரர், எங்கள் கூட்டத்துத் தலைவர். ஒரு போர்க்கப்பல் தனியாக நிற்கிறது, போய்ப் பிடி என்றார். நேராக அதை நோக்கிப் போகாதே, நேராகப் போனால் எந்தப் பீரங்கியும் உன்னை அடிக்கும், பக்கவாட்டில் வளைந்து வளைந்து போ என்றார். வெற்று வானத்தில் இரட்டைக் கிளிக் அடித்து அடித்துப் போனேன். ஸ்க்ராம்ப்ளர் விழுந்ததும் "பாயிண்ட்" என்று கத்தினேன், பிடித்தவர்கள் அப்படித்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. நாற்பது நொடி பிடித்திருப்பேன். கேடயம் போய், கவசம் போய், ரிஃப்டர் வெடித்தது. ஆனால் அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். அந்தப் போர்க்கப்பலின் கில்மெயிலில், அதாவது அது உடைந்த அறிக்கையில், என் பெயரும் இருக்கிறது. அப்புச்சி அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கு ராத்திரியே போன் போட்டு, ஒரு ஆட்டைக் கொடுத்துப் புலியைக் கட்டிவிட்டேன் என்று சொல்லியிருப்பேன்.

உன்னிடம் எனக்குக் கோபம் ரேவன் போனதற்கு அல்ல. நம் ஊர்ப் பக்கமே இப்படித்தான் இருக்கிறோம். மழை பொய்க்கிற மேட்டுக்காடு, கிளுவை வேலி, ஆயிரம் அடி போட்டும் தண்ணீர் வராத போர்வெல். இந்த மண்ணில் சேர்த்து வைக்கத் தெரியாதவன் பிழைத்ததில்லை, அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் சேர்ப்பது எதற்கு என்பதே மறந்துபோய், சேர்த்ததைத் தொடப் பயப்படுகிறோம். நகை லாக்கரில். பட்டு பீரோவில். பையன் படித்த படிப்பு சர்டிபிகேட்டாகப் பிளாஸ்டிக் உறையில். ஏழு மாதம் கல் உடைத்த நீ அந்த ஏழு மாதத்தில் ஒரு தடவையாவது யாரோடாவது மோதிப் பார்த்தாயா? முதல் நாளே முடிந்திருக்கும். வெஞ்சர் ஓட்டத் தெரிந்த அன்றைக்கே ஒரு ஃப்ரிகேட்டும் ஸ்க்ராம்ப்ளரும் உனக்குக் கைக்கெட்டும். இலவசக் கணக்குக்கே கிடைக்கும். நீ சண்டைக்குத் தயார் ஆகவில்லை, தயார் ஆவதையே பிழைப்பாக வைத்துக்கொண்டாய். ஒரே புலியில் மொத்தத்தையும் கட்டி, அதையும் பட்டியில் அடைத்து வைத்தாய்.

இனி செய்ய வேண்டியது இது. இன்னும் ஒரு வாரம் மட்டும் கல் உடை. அந்தக் காசில் ஒரே மாதிரி பத்து ஃப்ரிகேட் வாங்கி, பத்திலும் ஒரே சாமான்களை மாட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வை. பெயர் வைத்த அன்றே அது போய்விட்டதாக நினைத்துக்கொள். பத்தும் போகும். வெடிக்கும்போது உள்ளே இருக்கும் சாமான்களில் பாதி தப்பும், அது ஜெயித்தவனுக்கு. நீ ஜெயித்தால் உனக்கு. கப்பல் சாகப்போகிறது என்று தெரிந்தவுடனே ஏதாவது ஒரு கோளைத் தேர்ந்தெடுத்து வார்ப் பட்டனை அழுத்திக்கொண்டே இரு, வெடித்ததும் நீ உட்கார்ந்திருக்கும் உயிர்க்கூடான பாட் கிளம்பிவிடும். பாதுகாப்புக் குறைந்த பகுதியில் குமிழி விரிக்க முடியாது, அநேகமாகத் தப்பித்துவிடுவாய். மண்டலம் விட்டு மண்டலம் போகும் வாயில்களில் சண்டையை ஆரம்பிக்காதே, முதலில் சுட்டவனை அங்கே காவல் பீரங்கி சுடும், ஃப்ரிகேட் தாங்காது. நாடுகளுக்கு இடையே போர் நடக்கும் பகுதிகளுக்குப் போ. சின்னக் கப்பல்களை மட்டும் உள்ளே விடும் இடங்கள் அங்கே உண்டு, உன் அளவு ஆள்தான் உள்ளே வருவான். அந்த மண்டலத்தின் அரட்டைப் பட்டியலான லோக்கலில் யார் இருக்கிறார்கள் என்று பார், சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் டைரக்ஷனல் ஸ்கேனை நொடிக்கொரு தரம் தட்டு. ஒவ்வொரு தடவை செத்த பிறகும் அந்தக் கில்மெயிலைத் திறந்து, எதனால் செத்தாய் என்று ஒரு நோட்டில் ஒரு வரி எழுது. ஒரு வரி போதும்.

2012இல், கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாத அந்த வருஷத்தில், எனக்கு ஆறு கப்பல் இருட்டிலேயே போனது. சண்டையில் பிடிபட்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் கப்பல் அங்கேயே நிற்கும். மெழுகுவத்தி ஏற்றி, அதே நோட்டில் 'கரண்ட்' என்று எழுதி வைப்பேன். நோட்டு இன்னும் இருக்கிறது.

எதற்கு இத்தனை பேச்சு என்றால், நடுக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய், அதற்குப் பதில் சொல்லவே இல்லை. எனக்கு இன்னும் நடுங்குகிறது. மவுஸைச் சிமெண்டுத் திண்ணையில் தேய்ப்பதுபோல் அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன். இடது கை விசைகளில் ஸ்க்ராம்ப்ளரையும் வெப்பையும் வைத்திருக்கிறேன், கை நடுங்கினாலும் விரல் தப்பாது.

சனிக்கிழமை சாயங்காலம் 4:30க்குச் சர்வர் தினசரி நிறுத்தம். அது முடிந்து, ஒன்பது மணிக்கு மேல் நான் உள்ளே இருப்பேன். பத்துக் கப்பலோடு வா. முதல் புலியை நான் காட்டுகிறேன், நீ போய்ப் பிடி. ராத்திரி ஒரு மணிக்கு அப்பா எழுந்து வந்தால், பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வை.

அன்புடன்,
அக்கா