பழைய கூடாரம் வாங்கலாம், பழைய கயிறு வேண்டாம்

வாசகர் கேள்வி பதில்

(மலையேற்ற, முகாம் சாமான்கள் விற்கும் கடைகள் ஊருக்காக நடத்தும் நிகழ்ச்சிகள், நன்கொடைப் பணிகள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.)

கேள்வி: நாங்கள் முகாம் சாமான் கடை நடத்துகிறோம். வாடிக்கையாளர்களிடம் உள்ள பழைய பொருட்களைத் திரட்டி, வசதியில்லாத பிள்ளைகளின் முகாம்களுக்குக் கொடுக்க நினைக்கிறோம். எவற்றையெல்லாம் வாங்கிக்கொள்ளலாம்?

பதில்: எதை வாங்கக் கூடாது என்பதை முதலில் முடிவு செய்து, கடை வாசலிலேயே எழுதி வையுங்கள். உயிரைத் தாங்கும் எதையும் வாங்காதீர்கள். ஏறும் கயிறு, இடுப்பில் கட்டும் ஹார்னஸ், ஸ்லிங் பட்டைகள், ஹெல்மெட், மிதவைச் சட்டை எல்லாம் இதில் சேரும். ஒரு கயிறு எத்தனை விழுதல்களைத் தாங்கியது, எத்தனை கோடை வெயிலில் கிடந்தது, கார் டிக்கியில் பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்ததா என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. பேட்டரி அமிலம் பட்ட நைலான், பார்வைக்குப் புதிது போலவே இருந்துகொண்டு பலத்தை இழந்திருக்கும். ஒருமுறைகூடப் பயன்படுத்தாத கயிறாக இருந்தாலும் 10 ஆண்டுக்கு மேல் வேண்டாம் என்றுதான் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் நுரை ஒரே அடியில் நசுங்கிவிடும். வெளி ஓட்டில் கீறல்கூட இருக்காது.

எழுதி வைத்தாலும் பெட்டியில் இவற்றைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருப்பார்கள். அப்படி வந்தவற்றை முழுசாகக் குப்பையில் போடாதீர்கள்; யாராவது எடுத்துக் கட்டிக்கொள்வார்கள். கயிற்றை ஒரு மீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். ஹார்னஸின் நடு வளையத்தையும் கால் பட்டைகளையும் கத்தரித்துவிடுங்கள். பாதி காலியான கேஸ் குப்பிகளையும் வாங்காதீர்கள். அவற்றைச் சேர்த்து வைக்கக் கடையில் பாதுகாப்பான இடம் இருக்காது.

இனி வாங்கக்கூடியவை. கூடாரத்தைப் பையோடு வாங்கிப் பையோடு கொடுப்பதுதான் இந்தப் பணியில் அதிகம் நடக்கும் தவறு. ஒவ்வொன்றையும் விரித்து நிறுத்திப் பாருங்கள். மடிப்பில் துணி பிசுபிசுவென்று ஒட்டினாலோ, புளித்த வாந்தி போன்ற நாற்றம் வந்தாலோ, உள்ளே பூசியிருக்கும் பாலியூரித்தேன் ஈரத்தில் சிதைந்துவிட்டது என்று பொருள். அது மழை தாங்காது, அதைச் சரிசெய்ய மெனக்கெடுவதும் வீண். அந்தக் கூடாரத்தின் கம்பிகளையும் முளைகளையும் கழற்றி வைத்துக்கொண்டு துணியைக் கழித்துவிடுங்கள். கம்பிக்குள் ஓடும் ரப்பர் கயிறு தொய்ந்திருப்பது பெரிய குறையல்ல, மாற்றிவிடலாம். கம்பி வெடித்திருந்தால் அந்த இடத்தின் மேல் செருக ஒரு குழாய்த்துண்டு கிடைக்கும். இருவர் சேர்ந்து ஒரு கூடாரத்தை நிறுத்தி, பார்த்து, எண்ணி, மடிக்க 15 நிமிடம் ஆகும். 40 கூடாரம் வந்தால் 20 ஆள்மணி. இதற்கு ஆளும் வெற்றிடமும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அறிவிப்பு செய்யுங்கள்.

ஷூக்களை வாங்கும் இடத்திலேயே வளைத்துப் பாருங்கள். அடித்தோலுக்கு மேலே இருக்கும் மெத்தென்ற பாலியூரித்தேன் நுரை, போடாமல் அலமாரியில் கிடந்தாலும் காற்றின் ஈரத்தால் மெல்ல மெல்ல உதிர்ந்துபோகும். மேலே பளபளப்பாக இருக்கும் ஷூ, மலையில் இரண்டாவது கிலோமீட்டரில் அடியைக் கழற்றிக் கொடுத்துவிடும். கட்டைவிரலால் நுரையை அழுத்தினால் பொடி உதிர்கிறதா, ஓரத்தில் மயிரிழை வெடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கழித்துவிடுங்கள்.

ஸ்லீப்பிங் பேக் விஷயத்தில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இறகு நிரப்பியதை முன்பக்கம் திறக்கும் இயந்திரத்தில், இறகுக்கென்று விற்கும் சோப்பில் துவைக்க வேண்டும். சாதாரண சோப்புத்தூள், துணி மென்மையாக்கி இரண்டும் ஆகாது. ஈரமாக இருக்கும்போது ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால், நீரின் கனத்தில் உள்தடுப்புகள் கிழிந்துவிடும். இரு கையாலும் அடியில் ஏந்தித் தூக்குங்கள். குறைந்த சூட்டில், இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளைச் சேர்த்துப் போட்டு உலர்த்த வேண்டும். ஒன்றுக்கு 3 முதல் 5 மணி நேரம் பிடிக்கும். 20 பை என்றால் உலர்த்தி 60 முதல் 100 மணி நேரம் ஓட வேண்டும்! தடவிப் பார்த்தால் கட்டி தட்டுப்படும் வரை உலரவில்லை என்று அர்த்தம். அப்படியே மடித்தால் பூஞ்சை பிடிக்கும். அதனால் பிள்ளைகளின் முகாமுக்குச் செயற்கை இழை நிரப்பிய பைகளையே கேட்டு வாங்குங்கள். துவைப்பது சுலபம், நனைந்தாலும் ஓரளவு சூடு தரும்.

மழை ஜாக்கெட்டின் மேல் நீர் நின்று துணி இருண்டு போனாலே கெட்டுவிட்டது என்று தள்ளிவிடாதீர்கள். பெரும்பாலும் அழுக்குதான் காரணம். துவைத்து, லேபிள் அனுமதித்தால் 20 நிமிடம் மிதமான சூட்டில் உலர்த்தினால், மேலே இருக்கும் நீர்விலக்கிப் பூச்சு மறுபடி வேலை செய்யும். செய்யாவிட்டால் புதிதாகப் பூசலாம். உள்பக்கப் படலம் கொப்புளம் போல் உரிந்திருந்தால் மட்டும் மீட்க முடியாது.

தலைவிளக்குகளில் பேட்டரியைக் கழற்றிவிட்டு வாங்குங்கள். கசிந்து வெள்ளைப் பூ பூத்திருந்தால், வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிட்டால் பாதிக்கு மேல் பிழைத்துக்கொள்ளும்.

கேள்வி: மாதம் ஒரு ஞாயிறு, மூன்று மணி நேரம், இலவசப் பழுதுபார்க்கும் முகாம் நடத்தலாமா?

பதில்: கட்டாயம் நடத்துங்கள். ஒரு கடை செய்யக்கூடிய உதவிகளில் எங்களுக்கு அதிகம் பிடித்தது இதுதான். பொருள் கொடுத்தால் ஒருவருக்கு ஒருமுறை பயன்படும். பழுது நீக்கக் கற்றுக்கொண்டவர் வீட்டுச் சாமான்களையெல்லாம் காப்பாற்றுவார். ஆனால் மூன்று மணி நேரத்தில் முடியும் வேலை எது, முடியாதது எது என்று முன்கூட்டியே பிரியுங்கள்.

ஜிப் வேலை 10 நிமிடம். பல்லெல்லாம் சரியாக இருந்தும் ஜிப் பின்னாலேயே பிளந்துகொண்டு வந்தால், குற்றம் ஸ்லைடரில், அதாவது இழுக்கும்போது பல்லின் மேல் ஓடும் தலையில். தேய்ந்து வாய் அகன்றிருக்கும். அதன் பின்பக்க ஓரங்களை, இடம் ஒரு தரம் வலம் ஒரு தரமாக, குறடால் மெல்ல அழுத்துங்கள். ஒரே மூச்சில் நெருக்கினால் வார்ப்பு உலோகம் படக்கென்று உடையும். இதில் கிடைக்கும் ஆயுள் கொஞ்ச காலத்துக்குத்தான். நிலையான தீர்வு புது ஸ்லைடர். அதன் முதுகில் 3, 5, 8, 10 என்று எண் இருக்கும். அதே எண்ணும், அதே வகையும் வேண்டும். சுருள் ஜிப்புக்கான ஸ்லைடர் பல் ஜிப்பில் ஓடாது.

கிழிசலுக்கு ஒட்டுத்துணி. இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, கிழிசலைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டரை சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி ஒட்டுங்கள். மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டும். கூர்மூலைதான் முதலில் உரியும். சிலிக்கோன் பூசிய துணியில் இந்த ஒட்டு பிடிக்காது. அதற்குச் சிலிக்கோன் பசை வேண்டும். எந்தத் துணி என்று எப்படித் தெரியும்? உள்தையலின் மேல் ஆலையிலேயே ஒட்டிய டேப் இருந்தால் அந்தப் பக்கம் பாலியூரித்தேன் பூச்சு. சிலிக்கோன் மேல் அந்த டேப் நிற்காது.

தையலுக்குப் பசை பூசுவது, காற்றடைத்த பாயின் ஓட்டையை அடைப்பது இரண்டும் ஓர் இரவு காய வேண்டிய வேலைகள். "மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற சீட்டோடு வாங்குங்கள். கெஞ்சுகிறார்களே என்று ஈரப் பசையோடு மடித்துக் கொடுத்தால் வீட்டுக்குப் போய்த் திறக்கும்போது பிரிந்து வரும், கடையின் பெயர்தான் கெடும். இன்னொன்று: துவைக்காத, ஈரமான பொருளை மேசைக்கு எடுக்காதீர்கள். ஆளுக்கு ஒரு பொருள் என்று வரம்பு வைத்தால் கூட்டம் சமாளிக்கும்படி இருக்கும். ஊசியை அவர்கள் கையில் கொடுங்கள், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

கேள்வி: மலைப்பாதையில் குப்பை அகற்றும் நிகழ்ச்சிக்குக் கடை ஏற்பாடு செய்கிறது. எத்தனை பேரை அழைக்கலாம்? என்ன கொடுக்க வேண்டும்?

பதில்: ஆட்களை அழைப்பதற்கு முன், அள்ளிய குப்பை எங்கே போகும் என்று பேசி முடியுங்கள். இதைக் கடைசி நாளுக்கு ஒதுக்கிவிட்டு, மூட்டைகளைப் பாதை முகப்பிலேயே குவித்துவிட்டு வந்தால், விலங்குகள் இரவோடு இரவாகப் பிரித்துப் பழைய இடத்திலேயே பரப்பிவிடும்.

10, 12 பேருக்கு ஒரு வழிகாட்டி, குழுவின் கடைசியில் வர ஒருவர். புறப்படும்போதும் திரும்பும்போதும் தலை எண்ணுங்கள். உள்ளங்கையில் ரப்பர் பூசிய கனமான கையுறை, நீண்ட இடுக்கி, ஊசி சிரிஞ்சுகளுக்கு மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பா வேண்டும். ஊசியைப் பிள்ளைகள் தொடவே கூடாது. நின்று, கை தூக்கி, பெரியவரைக் கூப்பிட வேண்டும். கண்ணாடி உள்ள பையைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், தூக்குகிறவர் காலைக் கிழிக்கும். எரித்த அடுப்புக் குழியிலிருந்து எடுப்பதானால் சாம்பல் ஆறியிருக்கிறதா என்று புறங்கையால் பாருங்கள்.

எத்தனை கிலோ அள்ளினோம் என்று மட்டும் அறிவிப்பது ஏமாற்றும். ஒரு பழைய டயர், ஆயிரம் மிட்டாய்த் தாள்களைவிடக் கனம். எடையோடு எண்ணிக்கையும் எழுதுங்கள்: மூடி எத்தனை, உறை எத்தனை, பாட்டில் எத்தனை. அடுத்த வருடம் அதே 2 கிலோமீட்டரில் எண்ணிப் பார்த்தால்தான் ஏதாவது மாறியதா என்று தெரியும். வந்தவர்களுக்குப் பிளாஸ்டிக் உறையில் டி-ஷர்ட் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

கேள்வி: பில் போடும்போது "முழுத்தொகையாக்கி மீதியை நன்கொடையாகத் தருகிறீர்களா?" என்று கேட்கிறார்கள். அது கடையின் நன்கொடையா?

பதில்: இல்லை, உங்களுடையது. கடை வெறும் உண்டியல். எந்த அமைப்புக்குப் போகிறது, எப்போது போகிறது, திரட்டும் செலவு கழிக்கப்படுகிறதா என்று மூன்றும் எழுதியிருந்தால் தாராளமாகக் கொடுங்கள். அதைத் தன் கொடையாகக் கடை விளம்பரம் செய்தால் கேள்வி கேளுங்கள்.

கேள்வி: "லாபத்தில் 10 சதவீதம்" என்று ஒரு கடை, "விற்பனையில் 1 சதவீதம்" என்று இன்னொரு கடை. எது பெரியது?

பதில்: விற்பனை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு போக நிற்கும் லாபம் 4 என்றால், அதில் 10 சதவீதம் 0.4. விற்பனையில் 1 சதவீதம் என்பது 1. லாபம் 10-ஐத் தாண்டினால்தான் முதல் கடையின் கொடை பெரிதாகும். அதோடு, நஷ்டம் வந்த ஆண்டில் லாபப் பங்கு பூஜ்யம். விற்பனைப் பங்கு அப்போதும் போய்ச்சேரும். மலையேற்ற உடைகள் விற்கும் அமெரிக்க நிறுவனமான படகோனியா விற்பனைக் கணக்கைப் பின்பற்றியது. அதன் நிறுவனர் இவோன் சூனார்ட், கிரெய்க் மேத்யூஸுடன் சேர்ந்து 2002-இல் தொடங்கிய 'ஒன் பர்சென்ட் ஃபார் தி பிளானட்' அமைப்பிலும், உறுப்பினர் நிறுவனங்கள் கொடுப்பது விற்பனையிலிருந்துதான்.

ஒரே நாள் அறிவிப்புகளையும் இப்படியே எடை போடுங்கள். 2016 கருப்பு வெள்ளியன்று (அமெரிக்கக் கடைகளில் பெரும் தள்ளுபடி விற்பனை நடக்கும் நவம்பர் மாத நாள்) படகோனியா அந்த நாளின் விற்பனை முழுவதையும், சுமார் ஒரு கோடி டாலரை, அடிமட்டச் சுற்றுச்சூழல் குழுக்களுக்குக் கொடுத்தது. 2015-இல் ஆர்இஐ என்ற அமெரிக்க முகாம் சாமான் கடைக் கூட்டுறவு அதே கருப்பு வெள்ளியில் 143 கடைகளையும் மூடி, ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு தந்தது. முதலாவது பணம், இரண்டாவது நேரம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டியதில்லை. இரண்டிலுமே கடை தன் சொந்தக் கையிலிருந்து எதையோ இழந்தது. அதைத்தான் பார்க்க வேண்டும்.

கூட்டுறவு என்ற பெயரை மட்டும் நம்பியும் இருந்துவிடாதீர்கள். கனடாவில் 1971-இல் தொடங்கிய மவுன்டன் எக்விப்மென்ட் கூட்டுறவு, 2020-இல் உறுப்பினர் வாக்கெடுப்பு இல்லாமலே ஒரு தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. உறுப்பினராகச் சேரும்போது, விற்பதற்கு யார் சம்மதம் வேண்டும் என்ற விதியைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கேள்வி: புதியவர்களுக்கு இலவச நடைப்பயணம். எத்தனை மணி நேரம் ஆகும் என்று அறிவிப்பில் போடுவது எப்படி?

பதில்: 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 8 கிலோமீட்டர், 300 மீட்டர் ஏற்றம் என்றால் 1 மணி 36 நிமிடமும் 30 நிமிடமும் சேர்ந்து 2 மணி 6 நிமிடம். அது ஓய்வே எடுக்காத, பழகிய ஆளின் நேரம். புதியவர்கள் 12 பேர் என்றால் ஒன்றரை மடங்கு வைத்து, ஓய்வுக்கு அரை மணி சேர்த்து, மூன்றே முக்கால் மணி என்று போடுங்கள். பொழுது சாய்வதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் திரும்பிவிடும்படி புறப்படும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். இரவல் கொடுக்கும் பை, ஜாக்கெட், தலைவிளக்கு ஒவ்வொன்றிலும் எண் ஒட்டி நோட்டில் எழுதுங்கள். ஷூ மட்டும் இரவல் வேண்டாம். அளவு அரை எண் தவறினாலும் இறக்கத்தில் கால் நகம் கறுத்துவிடும். வீட்டில் போட்டுப் பழகிய ஷூவோடு வரச் சொல்லுங்கள்.