வாசகர் கேள்வி – பதில்: காபி வாங்காதவருக்குக் கழிப்பறை உண்டா?

செட்டிநாட்டின் பழைய வீடுகளில் காபிக் கடைகளும் கஃபேக்களும் பெருகிவருவதை ஒட்டி, ஒரே விஷயத்தைப் பற்றிப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. எதையும் வாங்காமல் உள்ளே வருகிறவரை உட்கார விடலாமா, கழிப்பறையைப் பயன்படுத்த விடலாமா என்பதுதான் அது. ஆகவே இந்த இதழின் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பூர்விக வீட்டின் முன்பகுதியில் ஒரு சிறிய கஃபே நடத்துகிறோம். சனி, ஞாயிறுகளில் அரண்மனை வீட்டைப் பார்க்க வேனில் வருகிறவர்கள் கூட்டமாக உள்ளே வந்து, கழிப்பறையைப் பயன்படுத்திவிட்டு, முகப்புத் தூண்களில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டு, ஒரு காபிகூடக் குடிக்காமல் போய்விடுகிறார்கள். நாங்கள் தண்ணீரை டேங்கர் லாரியில் வாங்குகிறோம். 'வாடிக்கையாளருக்கு மட்டும்' என்று பலகை வைக்கலாம் என்கிறேன். என் மனைவியோ, இந்த வீட்டு வாசலுக்கு வந்தவரை அப்படித் திருப்பி அனுப்பும் வழக்கம் இல்லை என்கிறார். எந்தக் கடையும் கழிப்பறையை மறுக்கக் கூடாது என்று சட்டமே இருப்பதாக வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறதே, அது உண்மையா?
— ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். அந்தச் செய்தி குறிப்பிடுவது 1867-ஆம் ஆண்டின் இந்தியச் சராய்கள் சட்டத்தை. வழிப்போக்கர்கள் தங்கும் விடுதிகளைப் பற்றிய பழைய சட்டம் அது. விடுதியைப் பதிவு செய்ய வேண்டும், அறைகளையும் வடிகால்களையும் கிணற்றையும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், காவலாளி வைக்க வேண்டும், கட்டணப் பட்டியலைப் பார்வையில் மாட்ட வேண்டும், தொற்றுநோய் கண்டவர் இருந்தால் தகவல் தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. தெருவில் போகிற எவரும் எந்த உணவகத்திலும் நுழைந்து கழிப்பறையைக் கேட்டுப் பெறலாம் என்ற வரி அதில் இல்லை. உங்கள் கடை தங்கும் விடுதியும் அல்ல. ஆகவே அந்தச் செய்தியைக் காட்டி ஒருவர் உங்களை மிரட்டினால் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதனாலேயே மறுத்துவிடுவது சரியாகிவிடாது. உங்கள் கடிதத்தில் இரண்டு வேறு பொருள்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஒன்று நாற்காலி, மற்றொன்று கழிப்பறை. நாற்காலியும் மின்விசிறியும் முகப்பின் அழகும் நீங்கள் விற்கும் சரக்கின் ஒரு பகுதி. காபியின் விலையில் அவற்றுக்கான கூலியும் அடங்கியிருக்கிறது. அவற்றை வாங்காதவருக்குத் தர மறுப்பதில் ஒரு குறையும் இல்லை. தூணில் சாய்ந்து படம் எடுப்பதையும் தயங்காமல் தடுக்கலாம். அது எவருடைய அவசரத் தேவையும் அல்ல. கழிப்பறை அப்படிப்பட்டதன்று. அதைக் கேட்கிற சர்க்கரை நோயாளியோ கர்ப்பிணியோ எழுபது வயதுப் பெரியவரோ வேறு எங்கேயாவது பார்த்துக்கொள்கிறேன் என்று பேரம் பேசும் நிலையில் இல்லை. தனியாக வந்து கேட்பவருக்கு, கடை திறந்திருக்கும் நேரத்தில், காரணம் கேட்காமல் திறந்துவிடுங்கள் என்பதே என் கருத்து.

வேனில் வரும் கூட்டத்தின் கணக்கு வேறு. ஒரு முறை ஃப்ளஷ் செய்ய ஏறக்குறைய 6 முதல் 10 லிட்டர் தண்ணீர் போகிறது. கை கழுவவும் தரை கழுவவும் சேர்த்து ஆளுக்கு 12 லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு வேன்களில் வரும் 30 பேருக்கு 360 லிட்டர் ஆகிறது. செப்டிக் டேங்க் விரைவில் நிறைவதும், அதை எடுக்க வரும் லாரிக்குக் கொடுப்பதும் தனிச் செலவு. மழைநீரை ஊருணிக்குக் கொண்டு சேர்க்க வீதிகளையே சரிவு பார்த்து அமைத்த ஊர்களில், தண்ணீரைக் கணக்குப் பார்ப்பதைக் கஞ்சத்தனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வேன் ஓட்டுநரிடமோ வழிகாட்டியிடமோ முன்கூட்டியே பேசி, குழுவாக வந்தால் இன்ன தொகை என்றோ, அனைவருக்கும் சேர்த்து காபியோ பணியாரமோ சொல்லிவிட வேண்டும் என்றோ வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள், ஏனெனில் அவர்களுக்கும் வேறு வழி இல்லை.

உங்கள் மனைவியின் வருத்தத்தை மதிக்கிறேன். ஆயினும் அந்த வீட்டின் அமைப்பையே ஒரு முறை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வழிப்போக்கருக்குத் திண்ணை, வியாபாரம் பேச வந்தவருக்கு முகப்பு, உற்றார் உறவினருக்கு வளவு, பெண்டிருக்கு உள்கட்டு என்று ஒவ்வொருவரும் எதுவரை வரலாம் என்பது கட்டும்போதே தீர்மானிக்கப்பட்டிருந்தது. கழிப்பிடம் பின்கட்டையும் தாண்டி இருந்தது. முன்பின் தெரியாதவர் வீட்டின் உள்ளே நடந்துபோய்க் கழிப்பறையைப் பயன்படுத்துவது அந்த வீடு அறியாத புதுப் பழக்கம். அதற்குப் புது ஒழுங்கு ஒன்றை வகுப்பதால் பழைய விருந்தோம்பல் கெட்டுவிடாது. முடிந்தால் பக்கவாட்டில் தனி வழியுடன் ஒரு கழிப்பறை கட்டிவிடுங்கள். உங்கள் தலைவலியில் பாதி அதிலேயே தீரும்.

கேள்வி: குழுக்கடன் தவணை வசூலிக்கும் வேலையில் இருக்கிறேன். காலை ஏழு மணிக்கு ஸ்கூட்டியில் கிளம்பினால் பள்ளத்தூர், கோட்டையூர், கண்டனூர், புதுவயல் என்று சுற்றிவிட்டு வீடு திரும்பப் பிற்பகல் ஆகிவிடும். வழியில் கழிப்பறை கிடைக்காது என்பதால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டேன். சில நாள் கழிப்பறைக்காகவே ஒரு காபி வாங்குகிறேன். காபி குடித்தால் அரை மணி நேரத்தில் மறுபடியும் அதே பிரச்சினை. நாங்கள் என்னதான் செய்வது?
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: முதலில் தண்ணீர் குடிக்கத் தொடங்குங்கள், அம்மா. சிவகங்கைச் சீமையின் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஸ்கூட்டியில் சுற்றுவதும், வந்த சிறுநீரை மணிக்கணக்கில் அடக்குவதும் சிறுநீர்த் தொற்றுக்கும் கல் அடைப்புக்கும் வழி செய்யும். எந்த வேலையும் அதற்கு ஈடல்ல.

கழிப்பறைக்காக நீங்கள் காபி வாங்க வேண்டியதில்லை. கல்லாவில் இருப்பவரிடம், முடிந்தால் பெண் பணியாளரிடம், "கழிப்பறையைப் பயன்படுத்திக்கொள்ளலாமா?" என்று நேராகக் கேளுங்கள், மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம். பெட்ரோல் பங்குகளையும் மறந்துவிடாதீர்கள். குடிநீரும் கழிப்பறையும் வைத்திருக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்கள் பங்குகளுக்கு விதித்துள்ள நிபந்தனை. பெட்ரோல் போடாதவருக்கும் அது உண்டா என்ற வழக்கு 2025-இல் கேரள உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. பங்குகளின் கழிப்பறைகளைப் பொதுக் கழிப்பறையாக்கும்படி வற்புறுத்தக் கூடாது என்று முதலில் இடைக்கால உத்தரவு பிறந்தது; பின்னர் நெடுஞ்சாலைப் பயணிகளுக்கு இடம் கொடுத்து அது மாற்றப்பட்டது. நீதிமன்றத்துக்கே ஒரே மூச்சில் முடிவு சொல்ல முடியாத விஷயத்தை, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் இருபது வயதுப் பையன் நொடியில் தீர்மானிக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

அதனால்தான் உங்கள் கேள்வியைக் கடைக்காரரிடம் மட்டும் கேட்டால் போதாது என்கிறேன். நாள் முழுவதும் பெண்களைச் சாலையில் அனுப்புகிற உங்கள் நிறுவனம், அந்த வழித்தடத்தில் நான்கு இடங்களிலாவது கழிப்பறைக்கு ஏற்பாடு செய்து, அதற்கான பணத்தையும் கொடுத்திருக்க வேண்டும். சென்னை மாநகராட்சி 2025-இல் அண்ணாநகரில், உணவும் பொருளும் கொண்டுசேர்க்கும் ஊழியர்களுக்காகக் கழிப்பறையுடன் கூடிய குளிரூட்டப்பட்ட ஓய்வறை அமைத்தது. 2024-இல் மாநகராட்சியான காரைக்குடியும் அதைப் பார்த்துச் செய்யலாம். குளிர்சாதனம் இல்லாவிட்டாலும் குற்றமில்லை, தாழ்ப்பாளும் தண்ணீரும் இருந்தால் போதும்.

புதிதாகக் கட்டாமலும் செய்ய வழி உண்டு. ஜெர்மனியில் ஆலன் என்ற ஊரில் தொடங்கிய ஒரு திட்டத்தில், வாங்காதவருக்கும் கழிப்பறையைத் திறந்துவிடும் உணவகங்களுக்கு உள்ளாட்சி நிர்வாகம் மாதந்தோறும் ஒரு தொகை கொடுக்கிறது. கடை வாசலில் அதற்கான ஒட்டுப்படம் இருக்கும், வருகிறவர் கூச்சமின்றி உள்ளே போகலாம். பிறகு வேறு பல ஜெர்மன் ஊர்களும் அதைப் பின்பற்றின. லண்டனின் ரிச்மண்ட் பகுதியிலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. இது நமக்கு அந்நியமான யோசனையும் அல்ல. நகரத்தார் 1813-இல் காசியில் சத்திரம் வைத்தபோதும், பழனியிலும் இராமேசுவரத்திலும் விடுதிகள் கட்டியபோதும், அந்தச் செலவை எந்தத் தனிக் கடையின் அன்றாடக் கல்லாவிலும் ஏற்றவில்லை. வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கை ஒதுக்கி, அறத்துக்கென்று தனிக் கணக்கு வைத்தார்கள். வழிப்போக்கரை உபசரிப்பது அதனால்தான் தலைமுறைகளைத் தாண்டி நின்றது. இன்று சுற்றுலாவால் சம்பாதிக்கும் விடுதிகளும் பழம்பொருள் கடைகளும் உணவகங்களும் அவ்வாறு ஒரு பங்கு போட்டு, பேரூராட்சியும் தன் பங்கைச் சேர்த்து, கழிப்பறையைத் திறந்துவிடும் கடைகளுக்குத் தண்ணீர்ச் செலவையாவது ஈடுகட்டலாம். உங்கள் வார்டு உறுப்பினரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். குழுவில் உள்ள பெண்களும் கையெழுத்திட்டால் இன்னும் நல்லது.

கேள்வி: என் கடையில் யார் கேட்டாலும் கழிப்பறையைத் தந்துவிடுவேன். ஆனால் துப்புரவுப் பணியாளர்களும் லாரி ஓட்டுநர்களும் உள்ளே வந்தால் சில வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கிறார்கள். 'ஆளைப் பார்த்து விடுங்கள்' என்று ஒருவர் அறிவுரையே சொல்லிவிட்டார். வியாபாரமும் முக்கியம் அல்லவா?
— ஒரு கடை உரிமையாளர், தேவகோட்டை

பதில்: ஆளைப் பார்த்து விடுவதை மட்டும் செய்யாதீர்கள். எல்லாருக்கும் மூடிவைக்க உங்களுக்கு உரிமை உண்டு. சிலருக்கு மட்டும் மூடிவைக்க இல்லை. மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு கடைகளிலும் பொது உணவகங்களிலும் ஒருவரைத் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15(2) பிரிவு சொல்கிறது. தீண்டாமையின் பேரில் தடுத்தால் 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். முகம் சுளித்த வாடிக்கையாளர் சாதியின் பெயரைச் சொல்லவில்லை என்பீர்கள். உடுப்பையும் தொழிலையும் பார்த்து ஒதுக்குவதில் அது எவ்வளவு தூரம் ஒளிந்திருக்கிறது என்பது, டீக்கடைகளில் இரட்டைக் குவளையைப் பார்த்த மாவட்டங்களில் வாழும் நமக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் திண்ணைகளைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்கள், அந்தத் திண்ணையிலும் எல்லாரும் உட்கார முடிந்ததில்லை என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

கடை முதலாளியின் விருப்பத்துக்கு விடுவது எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2018 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியா நகரின் ஸ்டார்பக்ஸ் கடை ஒன்றில், நண்பருக்காகக் காத்திருந்த கறுப்பின இளைஞர் இருவரில் ஒருவர் கழிப்பறையைக் கேட்டபோது, வாடிக்கையாளருக்கு மட்டும் என்று மறுக்கப்பட்டது. சிறிது நேரத்தில் போலீஸ் வந்து இருவரையும் விலங்கிட்டு அழைத்துச் சென்றது. 'வாங்கியவருக்கு மட்டும்' என்ற விதி கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அது எல்லாரிடமும் ஒரே மாதிரி பயன்படுத்தப்பட்டதா என்பதே நாடு முழுவதும் எழுந்த கேள்வி. அந்த நிறுவனம் அடுத்த மாதம் 8,000-க்கும் மேற்பட்ட கடைகளை ஒரு பிற்பகல் மூடிப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. வாங்காதவரும் உட்காரலாம், கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. 2025 ஜனவரியில் வட அமெரிக்கக் கடைகளில் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்படித் திரும்பப் பெற்றதைக்கூட நான் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன், விதி எழுத்தில் இருந்து, அனைவருக்கும் ஒன்றாகவே செயல்படுமானால். முகம் சுளிக்கிறவரிடம் "எங்கள் கடையில் எல்லாருக்கும் ஒரே விதி" என்று அமைதியாகச் சொல்லுங்கள். அதற்காக அவர் வராமல் போனால், அந்த ஒரு காபி வியாபாரத்தை இழக்கலாம்.

கேள்வி: நாங்கள் நான்கு கல்லூரி நண்பர்கள். ஒரே ஒரு லெமன் டீ வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் படித்தோம். கடைக்காரர் ஃபேனை நிறுத்திவிட்டார். இது முறையா?
— ஒரு மாணவர், காரைக்குடி

பதில்: முறையில்லை, வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் நான்கு நாற்காலிகளுக்கு ஒரு லெமன் டீ என்பதும் முறையில்லை. கூட்டம் இல்லாத பிற்பகலில் மணிக்கணக்காக இருங்கள், யாருக்கும் நட்டமில்லை; மாலையில் ஆட்கள் நின்றுகொண்டிருக்கும்போது எழுந்துவிடுங்கள், அல்லது ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள். படிப்பதற்குத்தான் இடம் வேண்டும் என்றால் நூலகம் இருக்கிறது, அங்கே டீயும் வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: வாங்காதவரிடம் கழிப்பறைக்குப் பத்து ரூபாய் வாங்கலாம் என்றிருக்கிறேன். தவறா?
— ஒரு வாசகர், திருப்பத்தூர்

பதில்: தவறில்லை, ஆனால் ஐந்து ரூபாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2017-இல் தெற்கு டெல்லி மாநகராட்சி தன் எல்லைக்குள் இருந்த உணவகங்களின் கழிப்பறைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடச் சொன்னபோது, அதிகபட்சம் ஐந்து ரூபாய் வாங்கிக்கொள்ள அனுமதித்தது. தொகையைப் பலகையில் எழுதிவையுங்கள். குழந்தைகளிடமும் முதியவர்களிடமும், பழனிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் நடந்து வருகிறவர்களிடமும் வாங்காதீர்கள். காசு வாங்கிவிட்ட பிறகு, பக்கெட்டில் தண்ணீர் இல்லை, தாழ்ப்பாள் விழாது என்ற பேச்சுக்கு இடம் இருக்கக் கூடாது. அந்தப் பணம் கல்லாவுக்குப் போக வேண்டாம். கழிப்பறையைக் கழுவுகிற பணியாளருக்கு அன்றன்று மாலையில் சம்பளத்துக்கு மேல் கொடுத்துவிடுங்கள்.