வாசகர் கேள்வி–பதில்: கிடாக்கறி கெடாமல் வீடு சேர

கேள்வி: பங்குனி உத்திரத்துக்கு நண்பரின் குடும்பத்தார் மலையடிவாரச் சாஸ்தா கோயிலுக்குப் போய், அங்குள்ள சுடலைமாடனுக்குக் கிடா வெட்டுகிறார்கள். வண்டி நிற்கும் இடத்துக்கு 3 கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. கறி தூக்கிவர என்னைக் கூப்பிட்டிருக்கிறார். போன வருஷம் வீட்டில் வந்து சாக்கைப் பிரித்தபோது தொடைக்கறி நாறிவிட்டதாம். எதனால்?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: சூடு ஆறுவதற்குள் சாக்கில் அமுக்கிக் கட்டியிருப்பார்கள். வெட்டும்போது கிடாவின் உடம்புச் சூடு 39 டிகிரி. பங்குனி வெயிலில் அந்தச் சூடு தானாக இறங்காது. அதிலும் பின்தொடையில் எலும்பை ஒட்டிய சதைதான் கடைசியாக ஆறும். நாற்றம் முதலில் கிளம்புவதும் அங்கேதான்.

முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். சில கோயில்களில் கறியை எல்லை தாண்ட விடமாட்டார்கள், அங்கேயே சமைத்துத் தீர்த்துவிட வேண்டும். கொண்டுவரலாம் என்றால், விடியும் முன்பே வெட்டச் சொல்லுங்கள்.

உரித்ததும் தாமதிக்காமல் குடலை எடுத்துவிட வேண்டும். கத்தி முனை உள்ளே போகாதபடி, இரண்டு விரலை வயிற்றுச் சதைக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் பிடித்துக் கீறவும். இரைப்பை, மூத்திரப்பை, பித்தப்பை இந்த மூன்றில் எது கிழிந்தாலும் தொல்லைதான். பித்தநீர் பட்ட இடத்தைக் கழுவினால் கசப்பு பரவும். அந்தச் சதையை அரிந்து எறிந்துவிடுங்கள். ரத்தம், ஈரல், குடல் எல்லாம் எளிதில் கெடுபவை. அவற்றைக் கோயிலிலேயே சமைத்துவிடுவது நல்லது.

பிறகு உடலை இரண்டு பின்தொடை, இரண்டு முன்சப்பை, நெஞ்சும் முதுகும் என்று ஐந்தாகப் பிரித்து, மர நிழலில் காற்றுப்படும்படி தொங்கவிடுங்கள். பின்தொடையில் எலும்பை ஒட்டி நீளவாக்கில் ஒரு கீறல் போட்டால் உள்சூடு வெளியேறும். ஓடைத் தண்ணீரில் கழுவும் பழக்கம் நம் பக்கம் உண்டு, அதை விடுங்கள். ஈரம் இருந்தால் ஈ முட்டை இடும், கிருமியும் பெருகும். மேல்பரப்பு உலர்ந்து காகிதம்போல் மெல்லிய ஏடு படிந்தால் அதுவே கறிக்குக் காவல். கஞ்சி போடாத பழைய வேட்டியைத் துவைத்துக் காயவைத்து எடுத்துப்போய், தொங்கும் கறிமேல் தளரச் சுற்றினால் ஈ அண்டாது.

இப்படி அரை மணி முதல் முக்கால் மணி நேரம் தொங்கினால் போதும். 32 டிகிரிக்கு மேல் வெயில் ஏறிவிட்டால் வெளியில் வைத்திருக்க ஒரு மணி நேரம்தான் கணக்கு; நடையும் இதற்குள் அடக்கம். பாதை முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் என்றால் விடியற்காலைக் குளிர்ச்சியிலேயே கிளம்பிவிட வேண்டும்.

22 கிலோ கிடாவில் தலை, கால், தோல், குடல் போக எலும்போடு 10 கிலோ அளவில் தேறும். இரண்டு பேர் ஆளுக்கு ஐந்து கிலோவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். துணியில் சுற்றி, அடியில் வாழையிலை போட்ட பனையோலைப் பெட்டியில் வைத்தால் காற்று போகும். பிளாஸ்டிக் பையில் கறி வியர்த்துப் புழுங்கும். புலிகள் காப்பக எல்லைக்குள் இருக்கும் கோயில் என்றால் சோதனைச் சாவடியிலேயே அந்தப் பையை வாங்கி வைத்துவிடுவார்கள். முதுகுப்பையில் சுமந்தால் கனமான துண்டு மேலேயும் முதுகை ஒட்டியும் இருக்கட்டும். கீழே தொங்கினால் இறக்கத்தில் ஆளைப் பின்னுக்கு இழுக்கும்.

மீன்கடையில் கிடைக்கும் தெர்மாகோல் பெட்டியும் 5 கிலோ ஐஸும் வண்டியில் காத்திருக்க வேண்டும். 10 கிலோ கறியைக் குளிரவைக்கவே 3 கிலோ ஐஸ் கரைந்துவிடும், மிச்சம் வழிப்பயணத்துக்கு. ஐஸுக்கு மேல் குச்சிகளை அடுக்கி அதன்மேல் கறியை வையுங்கள். உருகிய தண்ணீரில் ஊறினால் கறி வெளுத்துச் சாரம் போய்விடும்.

வீட்டில் தொடை மூட்டருகே முகர்ந்து பாருங்கள். பிசுபிசுப்போ பச்சை நிறமோ புளித்த வாடையோ இருந்தால் எறிந்துவிடுங்கள். மஞ்சள் தண்ணீரில் கழுவினால் வாடை போகலாம், நஞ்சு போகாது.

கேள்வி: வெட்டியவுடன் ஐஸில் போட்ட கறி ரப்பர்போல ஆனது ஏன்?
– வாசகி, தென்காசி

பதில்: உயிர் போன சில மணி நேரத்துக்குள் சதை கடுங்குளிர்ச்சியில் பட்டால் சுருங்கி இறுகிவிடும். கொழுப்பு குறைந்த சின்ன ஆடுகளில் இது அதிகம். சிறு துண்டுகளாக நறுக்கிப் போட்டால் இன்னும் மோசம். பெரிய துண்டாகவே வையுங்கள். குழம்புக்கு என்றால் குக்கரில் இரண்டு விசில் கூட விட்டால் சரியாகிவிடும். கெட்டுப்போவதைவிட இறுகுவது மேல்.

கேள்வி: கடையம் பக்கம் நண்பர் தோட்டத்தில் காட்டுப்பன்றியை அடித்துவிட்டார். கறி தூக்க ஆள் கேட்கிறார். போகலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: போகாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாடப்பட்ட விலங்கும் அதன் கறியும் அரசின் சொத்து. உடந்தையாக இருந்தவருக்கும் அடித்தவருக்கான அதே பிரிவு பாயும். கறி ஏற்றிய பைக்கும் பறிமுதலாகும். 2025இல் தமிழக அரசு பன்றிகளைச் சுட வழி செய்தது உண்மை. ஆனால் அது காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால், வனத்துறையினர் சுடுவதற்கு மட்டும். பயிர்ச்சேதத்துக்கு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மீந்த கிடாக்கறியை உப்புக்கண்டம் போட அளவு என்ன?
– வாசகி, பாபநாசம்

பதில்: எலும்பில்லாத கறி ஒரு கிலோவுக்குக் கல்லுப்பு 70 கிராம், மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி, மிளகாய்த்தூள் உங்கள் காரத்துக்கு. கொழுப்பைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள், அதுதான் பின்னால் காறல் வாடை அடிக்கும். சுண்டுவிரல் பருமனுக்கு நீளமாக அரிந்து, உப்பில் ஒரு இரவு குளிர்பெட்டியில் ஊறவைத்து, நூலில் கோத்துத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வெயிலில் கட்டுங்கள். நான்கைந்து நாளில் 400 கிராமுக்குக் கீழே வந்து, வளைத்தால் ஒடிய வேண்டும். பங்குனியில் தாராளமாகப் போடலாம். ஆனி, ஆடியில் சாரல் அடிக்கும்போது உங்கள் ஊரில் வேண்டாம், பூசணம் பிடிக்கும்.