வேர் உட்பூசணமும் மைக்கோரைசாவும் ஒன்றா?

தக்கலையில் மட்டி வாழைக்கு வாங்கிய பாக்கெட்டில் ‘வேர் உட்பூசணம், குளோமஸ்’ என்றிருக்கிறது, மைக்கோரைசாவும் இதுவும் ஒன்றா என்று கேட்டிருக்கிறீர்கள். செடியின் வேரும் பூஞ்சையும் கூடி வாழும் உறவுக்கு மைக்கோரைசா பொதுப்பெயர், உட்பூசணம் அதில் ஒரு வகை. குளோமஸ் என்பது அந்தப் பூஞ்சையின் பெயர்.

பைன் வேரில் பூஞ்சை உறைபோல் மூடி, செல்களுக்கு இடையில் மட்டும் பரவும். அது புறப்பூசணம். ஆர்க்கிட் வேரில் செல்லுக்குள் சுருளாகக் கிடக்கும். வாழை, தென்னை, ரப்பரில் இருப்பதுதான் உட்பூசணம். வேரைக் காரத்தில் வேகவைத்து நீலச்சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பாருங்கள்: செல்லுக்குள்ளே பூஞ்சை குட்டி மரம்போல் கிளைத்திருக்கும், அவ்வளவு அழகு! பூஞ்சை தரும் பாஸ்பரஸும் செடி தரும் சர்க்கரையும் கைமாறுவது அங்கேதான்.

உட்பூசணங்களை இனம் பிரிக்க முன்பு பூஞ்சை வித்தின் (ஸ்போர்) நிறம், சுவர் அடுக்குகளைப் பார்த்தார்கள். அப்புறம் மரபணு ஆய்வு வந்தது; 2001-ல் இவற்றைக் குளோமெரோமைக்கோட்டா என்று தனித் தொகுதியாக்கினார்கள். பாக்கெட்டில் குளோமஸ் மோசியே என்றிருந்தால், அதன் இன்றைய பெயர் ஃபன்னெலிஃபார்மிஸ் மோசியே.